படுக்கை இருக்கு, படுக்கத்தான் முடியாது!
குழந்தைகளுடன் 'ஓடும் வீட்டில்' 1,200 கி.மீ. பயணம்

கட்டில் உண்டு. மெத்தை உண்டு. காஸ் அடுப்பு உண்டு. பிரிட்ஜ் உண்டு. பல வண்டிகளில் கக்கூசும் உண்டு!

'மோட்டார் ஹோம்' என்ற இந்த ஓடும் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு நாள் கணக்கில் சுற்றுவது ஆஸ்திரேலியாவில் சகஜம்.

கேட்க ஜாலியாகத்தான் இருக்கும். வண்டி புறப்பட்டதும்தான் சங்கடம் ஆரம்பம்.

"அம்மா, நான் கட்டில்ல படுத்துக்கிறேன்" என்று சின்னது அடம் பிடிக்கும். மூச்! வண்டி ஓடும்போது பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் ஆக வேண்டும். 7 வயது ஆகாத பிள்ளைகளுக்கு அவர்கள் வயதுக்கு ஏற்ற தனி இருக்கை கட்டாயம். மீறினால் வண்டி ஓட்டுகிறவருக்கு அபராதம்.

கொக்கி எத்தனை?

இங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். '6 பேர் படுக்கலாம்' என்றதும் வண்டியை எடுத்து விடுகிறார்கள். குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கி எத்தனை என்று கேட்பதில்லை. பக்கவாட்டில் திரும்பிய சோபாவில் அதை மாட்ட முடியாது. படுக்கை 6, கொக்கி 2 என்றும் வண்டிகள் உண்டு! மூன்றாவது குழந்தையை எங்கே உட்கார வைப்பது? பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

மரமே கிடையாது

நார்ஸ்மேனில் இருந்து செடூனா வரை எயர் நெடுஞ்சாலை சுமார் 1,200 கி.மீ. நடுவே நல்லர்பார் சமவெளி. பெயருக்கே 'மரம் இல்லை' என்றுதான் அர்த்தம். ஓரிடத்தில் 146.6 கி.மீ. தூரத்துக்கு ஒரு வளைவுகூட இல்லை. சென்னையில் புறப்பட்டு திண்டிவனம் தாண்டியும் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் போவது போல!

வழியில் பெரிய கடைவீதி கிடையாது. பெட்ரோல் பங்கோடு சேர்ந்த சாலையோர விடுதிகள்தான். குடிநீர் தாராளமாகக் கிடைக்காது. நார்ஸ்மேனிலேயே தொட்டியை நிரப்பி, குழந்தைகளுக்குக் கூடுதலாகவும் கேன்களில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆபத்துக்குப் பறக்கும் டாக்டர்கள் வருவார்கள். அந்த விமானம் இறங்குவதற்காகச் சாலையிலேயே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்!

2 மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்கி ஓட விடாவிட்டால் பிள்ளைகள் வண்டியை இரண்டாக்கி விடும். பல்லடோனியா அதற்கு நல்ல இடம். 1979-ல் 'ஸ்கைலாப் தலையில் விழப்போகுது' என்று நம் ஊரில் ஒரே பீதி கிளம்பியதே, நினைவிருக்கிறதா? கடைசியில் அதன் துண்டுகள் விழுந்தது இந்த வட்டாரத்தில்தான். அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

பொழுது சாய்ந்தால் வண்டி நின்றுவிட வேண்டும். கங்காருவும் ஒட்டகமும் குறுக்கே பாயும். இரவில் ஓட்டவே கூடாது என்று பல வாடகைக் கம்பெனிகள் கண்டிஷன் போடுகின்றன. ஆகவே பெரியவர்கள் 2 நாளில் கடக்கும் தூரத்துக்கு, குழந்தைகள் இருந்தால் 4 நாள் ஒதுக்குவதே புத்திசாலித்தனம். ஜூன் முதல் அக்டோபருக்குள் போனால், கடலோரப் பாறை மேல் நின்று திமிங்கலத்தையும் குட்டியையும் பார்க்கலாம்.

பழம் பறிமுதல்!

செடூனாவில் சோதனைச் சாவடி. பழ ஈ, பூச்சி நோய் பரவாமல் இருக்க, பழம், காய்கறிகளை வாங்கிக் குப்பையில் போட்டு விடுவார்கள். கெஞ்சினாலும் நடக்காது. அதனால் சாவடி வருவதற்குள் பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு ஆப்பிள் சாப்பிட்டே வயிறு முட்டிவிடும்!