மாணவரின் வினாவும் ஆசிரியரின் துணையும்

கல்லூரியிற் பயிலும் பிள்ளைகளிடம் நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் மதிப்பெண்ணைப் பற்றியதே. என்ன ஐயம் எழுந்தது, அதற்குச் செவிகொடுத்த ஆசிரியர் யார் என்று கேட்பவர் மிகச் சிலர். தரவு அறிவியலில், இளங்கலை வகுப்பிலேயே ஆராய்ச்சியிற் புகும் மாணவர்க்கு இந்தக் கேள்வியே இன்றியமையாதது.

இத்துறை புள்ளியியலும் கணினியும் கூடிப் பிறந்தது. நம் நாட்டில் புள்ளியியலுக்கு வேரூன்றிய இடம் கல்கத்தா. பேராசிரியர் மஹலநோபிஸ் 1931-இல் அங்கே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதில் பயிற்சி பெற்ற சி. ஆர். ராவ், இருபத்தைந்து வயது நிரம்புமுன்பே கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் பாடம் நடத்தினார். மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருத்தல் கூடும் என்பதற்கு, பெருந்தொகையான தரவுகளைக் கொண்டு கண்ட எல்லையொன்றை ஒருநாள் விளக்கினார். சிறுதொகைக்கும் அத்தகைய எல்லை உண்டா என்று தாண்டேகர் என்னும் மாணவர் வினவினார். ராவ் அவ்வினாவை ஒதுக்கிவிடவில்லை. அன்றிரவே முயன்று, மறுநாள் வகுப்பில் விடையை நிறுவினார். 1945-இல் வெளியான அம்முடிவு இன்று கிராமர்–ராவ் எல்லை என்ற பெயரில் உலகெங்கும் பாடமாக உள்ளது.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற எஸ். ஆர். சீனிவாச வரதன் 1959-இல் அதே நிறுவனத்தை அடைந்தார். அவர் நாடிச் சென்றது தொழிற்சாலைகளுக்குப் பயன்படும் புள்ளியியல். மூத்த மாணவர்களின் நட்போ அவரை நிகழ்தகவுக் கணிதத்தின்பால் திருப்பிற்று. ராவ் அவருக்கு நெறியாளராக விளங்கினார். 2007-இல் வரதன் ஏபெல் பரிசு பெற்றார். மாணவரின் நாட்டம் மாறும்போது அதற்கு இடந்தருவதும் வழிகாட்டுதலே அன்றோ?

அவ்வழிகாட்டுதல் நடைமுறையில் எவ்வாறு அமையும்? ஒரு மாணவி பல ஆண்டு மழைக் கணக்கைக் கணினியில் இட்டுச் சராசரி காண்கிறாள் எனக் கொள்வோம். பட்டியலில் சில நாட்களுக்கு நேரே ஒன்றும் எழுதப்படவில்லை. அவற்றையெல்லாம் சுழியம் என்று அவள் நிரப்பிவிட்டாள். மழை பெய்யாத நாள் வேறு. அளப்பவர் வராத நாள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் மழை பெய்த ஊரும் வறண்ட ஊராகிவிடும். கணினி இப்பிழையைத் தானே உணர்த்தாது. நல்லாசிரியர் பிழையைத் தாமே திருத்திவிடமாட்டார். இவ்வெற்றிடம் எவ்வாறு நேர்ந்தது என்று கேட்டு, மாணவியையே தேடச் செய்வார்.

இத்தகைய பயிற்சிக்கு வாய்ப்புகள் உள. நாட்டின் மூன்று அறிவியற் கழகங்கள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகையின் கீழ், மாணவர் இரண்டு மாத காலம் ஒரு விஞ்ஞானியின் துணையில் பணிபுரியலாம். எனினும், கட்டணம் பெற்றுக்கொண்டு வெறும் சான்றிதழை நீட்டுவோரும் உளர். ஆதலின் வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர், பிள்ளைகளைச் சேர்க்குமுன் மூன்று செய்திகளை விசாரித்தறிதல் நலம்: ஆசிரியர் வாரம் ஒருமுறையேனும் மாணவரைச் சந்திப்பாரா? தரவுகளைத் தாமும் பார்ப்பாரா? கட்டுரை வெளியாகுமாயின், உழைத்த மாணவரின் பெயரும் அதில் இடம்பெறுமா?

இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் இடம் சிறு கல்லூரியாயினும், அதுவே நம் பிள்ளைகளுக்கு உகந்த இடமாகும்.