வீட்டுக் கம்ப்யூட்டரில் வெப்சைட்: டெம்ப்ளேட் ஏற மறுத்தால்?

வெப்சைட் தொடங்க உடனே பணம் கட்டி சர்வரில் இடம் வாங்க வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டரையே சர்வராக்கி, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த பிறகு வெளியே ஏற்றலாம். இதற்கு உதவும் இலவசத் தொகுப்பு ஸாம்ப். அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் குழுவினர் 2002-ல் தொடங்கியது. அப்பாச்சி சர்வர், மரியாடிபி டேட்டாபேஸ், பிஎச்பி மூன்றும் ஒரே இன்ஸ்டாலில் வந்துவிடும். அதன் மேல் வேர்ட்பிரஸ் போட்டு, பிடித்த டெம்ப்ளேட்டைச் சேர்த்தால் தளம் ரெடி. வேர்ட்பிரஸ்ஸில் டெம்ப்ளேட்டுக்கு 'தீம்' என்று பெயர்.

பாபநாசம் பக்கம் விதைநெல் விற்கும் என் மாமாவுக்காக இந்த வேலையில் இறங்கினேன். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் தேதி ஜூன் 12. "மாப்ளே, தண்ணி வர்றதுக்குள்ள ரகம், வயசு, விலை எல்லாம் ஜனங்களுக்கு போன்ல தெரியணும்" என்று சொல்லிவிட்டார். கையில் இருந்தது இரண்டு வாரம்.

முதல் தடை, ஸ்டார்ட் பட்டனை அழுத்தியும் அப்பாச்சி ஓடவில்லை. 80-ம் எண் போர்ட்டை வேறு புரோகிராம் பிடித்து வைத்திருந்தால் இப்படி ஆகும். ஒரு காலத்தில் ஸ்கைப்தான் இதில் முக்கியக் குற்றவாளி; 2025 மே மாதம் அதற்கே மூடுவிழா நடந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் விண்டோஸின் ஐஐஎஸ் சர்வீஸாக இருக்கும். அதை நிறுத்துங்கள். அல்லது அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைலில் 'லிசன் 80' என்பதை 8080 ஆக்கி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்பதை அடுத்து முக்காற்புள்ளியும் 8080-ம் சேர்த்து டைப் செய்யுங்கள்.

அடுத்ததுதான் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது. ஜிப் ஃபைலை அப்லோட் செய்தால் 'ஸ்டைல்.சிஎஸ்எஸ் இல்லை' என்று செய்தி வரும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி டவுன்லோட் செய்யாதீர்கள். டெம்ப்ளேட் விற்பவர்கள் பலர் விளக்கக் குறிப்பு, மாதிரிப் படங்கள், லைசென்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறார்கள். உண்மையான தீம், அதற்குள் இன்னொரு ஜிப்பாக இருக்கும். வெளி ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருப்பதை மட்டும் அப்லோட் செய்தால் போதும். எனக்கு வந்த மூட்டையும் அப்படித்தான் இருந்தது.

ஃபைல் பெரிதாக இருந்து அப்லோட் ஆகாவிட்டால் பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைலைப் பாருங்கள். பிஎச்பியில் இயல்பாக உள்ள அப்லோட் வரம்பு 2 எம்பிதான். அதை உயர்த்தும்போது 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' அளவையும் சேர்த்து உயர்த்தி, அப்பாச்சியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இதில் பொறுமை இல்லாதவர்கள், பிரித்த ஃபோல்டரை நேராகத் தீம்ஸ் ஃபோல்டரில் காப்பி செய்துவிடலாம்.

இன்ஸ்டால் ஆன பிறகு வெறும் வெள்ளைத் திரை தெரிகிறதா? டெம்ப்ளேட் பழையதாக இருக்கலாம். 2020-ல் வந்த பிஎச்பி 8, பழைய கட்டளைகள் சிலவற்றை நீக்கிவிட்டது. வேர்ட்பிரஸ் கான்ஃபிக் ஃபைலில் டீபக் வசதியை 'ட்ரூ' என்று மாற்றினால் எந்த ஃபைலில் எத்தனையாவது வரியில் கோளாறு என்று காட்டும். பல வருடமாக அப்டேட் செய்யாத டெம்ப்ளேட் என்றால் ஒட்டுப்போட்டுக் கொண்டிருக்காமல் வேறு ஒன்றைத் தேடுவதே மேல் என்பது என் கருத்து.

இத்தனைக்கும் பிறகு கம்ப்யூட்டரில் தளம் அழகாகத்தான் இருந்தது. போன் அளவுக்குப் பிரவுசரைச் சுருக்கியபோது விஷயம் புரிந்தது. டெம்ப்ளேட்டின் அட்டவணை வலது ஓரத்தில் வெட்டுப்பட்டு, 'வயது' என்ற கடைசிக் காலமே தெரியவில்லை. ஆடுதுறை 43 சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும். சிஆர் 1009 என்றால் 155 நாளுக்கு மேல். குறுவைக்கு விதை தேடுபவருக்கு அந்த ஒரு காலம்தான் உயிர். வயதை ரகத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தேன். விலை கடைசிக்குப் போனது. மாமாவுக்கு அதில் வருத்தமே இல்லை.

வெளி சர்வருக்கு மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். படங்களின் முகவரி டேட்டாபேஸில் லோக்கல்ஹோஸ்ட் என்றே பதிந்திருக்கும். அப்படியே ஏற்றினால் உங்கள் கம்ப்யூட்டரில் படம் தெரியும். ஊரில் யாருக்கும் தெரியாது. எஸ்கியூஎல் ஃபைலை நோட்பேடில் திறந்து முகவரியை மாற்றுவது ஆபத்து, ஏனென்றால் சில செட்டிங்குகள் எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்தே சேமிக்கப்பட்டிருக்கும். இதற்கென உள்ள இலவச பிளக்இன்களைப் பயன்படுத்துங்கள். பட ஃபைல்களின் பெயரைச் சிறிய எழுத்திலேயே வையுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது, லினக்ஸ் சர்வர் பார்க்கும்.