கோவை சரளாவின் வீரத்தாய்: சிரிப்பு நடிகைக்குக் கிடைத்த மலைப் பாட்டியும் சட்டம் தரும் உரிமையும்

பிரபு சாலமன் இயக்கிய ‘செம்பி’ 2022 டிசம்பர் 30 அன்று வெளியானது. கொடைக்கானல் மலைக்காட்டில் தேன் எடுத்து வாழும் வீரத்தாய் என்ற பழங்குடி மூதாட்டியாக அதில் கோவை சரளா நடித்தார். வீரத்தாயின் பேத்தி செம்பியை மூன்று இளைஞர்கள் பாலியல் வன்கொடுமை செய்கின்றனர். வழக்கை மூடிவிட முனையும் காவல் அதிகாரியைத் தாக்கிவிட்டு, பேத்தியை அழைத்துக்கொண்டு பாட்டி ஒரு பேருந்தில் ஏறித் தப்புகிறாள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நம்மைச் சிரிக்க வைத்த நடிகை ஒரு முழுப் படத்தையும் தம் தோளில் சுமந்தார் என்று விமர்சகர்கள் பாராட்டினர். பாராட்டு நியாயமானதே. ஆயினும் சிரிப்பு நடிகைக்குக் கனமான பாத்திரம் ஒன்று கிடைக்கும்போது அது ஏன் துயருற்ற பழங்குடிப் பெண்ணாக இருக்கிறது என்பதையும், அந்தப் பெண்ணுக்குச் சட்டத்தில் உள்ள இடம் திரையில் உள்ள இடத்திலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பதையும் பேச வேண்டியிருக்கிறது.

சரளாவின் திரைவாழ்வைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். அவருக்கு இளமை அனுமதிக்கப்படவே இல்லை. 1983இல் வெளியான ‘முந்தானை முடிச்சு’ அவரை அறியச் செய்தது. 1985இல் ‘சின்ன வீடு’ படத்தில், தம் இருபதுகளிலேயே, தம்மைவிட வயதில் மூத்த கே. பாக்யராஜுக்குத் தாயாக நடித்தார். தமிழ்த் திரையில் நாயகிக்கும் சிரிப்பு நடிகைக்கும் இடையிலான வேலி நடிப்புத் திறமையால் போடப்பட்டதன்று. நிறம், உடல், குரல் ஆகியவற்றால் போடப்பட்டது. அந்த வேலியைத் தாண்டியவர்கள் அரிது. ‘மாலையிட்ட மங்கை’யில் 1958இல் அறிமுகமான மனோரமாவை, சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் நாயகியாக்கியது. ஆயிரம் படங்களைத் தாண்டிய அந்த நடிகையின் வாழ்வில் அது விதிவிலக்காகவே நின்றது. சரளாவுக்கு அத்தகைய விதிவிலக்கு 1995இல் பாலு மகேந்திராவின் ‘சதி லீலாவதி’யில் அமைந்தது. கமல்ஹாசனுக்கு மனைவியாக, கோவைப் பேச்சோடு அவர் ஏற்ற பழனி பாத்திரம் இன்றும் நினைக்கப்படுகிறது.

அப்படத்தில் கணவனின் பெயர் சக்திவேல் கவுண்டர். பெயரிலேயே சாதி ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை யாரும் ஒரு சாதிப் படம் என்று சொல்லவில்லை. கொங்குப் பேச்சு என்றால் நிலவுடைமைச் சாதியின் பேச்சு என்ற எண்ணம் திரையில் இவ்வாறுதான் இறுகியது. அதே ஏனுங்க, வாங்கவைத்தான் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பகுதிகளின் அருந்ததியர் குடியிருப்புகளிலும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சோடு ஓர் அருந்ததியப் பெண் திரையில் வந்து, ஏளனத்துக்கு ஆளாகாமல், தன் வீட்டுக் கதையைச் சொன்ன படத்தை நினைவுகூர முயன்று பாருங்கள்.

வடிவேலுவுடன் அவர் இணைந்த படங்களே வெகுமக்களிடம் அதிகம் சென்றவை. வி. சேகர் இயக்கிய ‘காலம் மாறிப்போச்சு’ (1996), ‘விரலுக்கேத்த வீக்கம்’ (1999) ஆகியவை குடும்பப் பொருளாதாரம் பேசியவை. பின்னதில் பொறுப்பற்ற கணவன்மாரை நம்பாமல் மனைவியர் வேலைக்குச் செல்வது கதையின் முதுகெலும்பு. அந்த அளவில் அவை மதிக்கத்தக்கவை. ஆனால் அவற்றில் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது? மனைவி கணவனை அடிப்பதிலிருந்து. கணவன் மனைவியை அடிப்பது இயல்பு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அவைதான் அதன் தலைகீழைக் கண்டு சிரிக்கும். 1989இன் ‘கரகாட்டக்காரன்’ இன்னும் கூர்மையான சான்று. சரளாவும் இடம்பெற்ற அக்கரகாட்டக் குழுவின் புகழ்பெற்ற சிரிப்பு, காரை முன்பு வைத்திருந்த ஒரு பெண்ணை இப்போது வைத்திருப்பவர் யார் என்ற கேள்வியில் அடங்கியது. அந்தப் பெண் படத்தில் தோன்றுவதே இல்லை. காரைப் போலவே அவளும் கைமாறும் பொருள். முகமோ குரலோ அவளுக்குத் தேவைப்படவில்லை.

இப்படங்களைத் திரையரங்கில் காணாத தலைமுறையும் இக்காட்சிகளை அறியும். ஆதித்யா, சிரிப்பொலி போன்ற நகைச்சுவைத் தொலைக்காட்சிகள் கதையை உதறிவிட்டு அடியையும் வசையையும் மட்டும் வெட்டி நாள்தோறும் ஓட்டுகின்றன. ‘விரலுக்கேத்த வீக்க’த்தின் பெண்கள் வேலைக்குப் போனது அந்தத் துணுக்கில் வராது. கேபிள் தொலைக்காட்சி நெட்வொர்க் விதிகளின் 6ஆம் விதி, இன, மொழி, வட்டாரக் குழுக்களை இழிவாகவும் ஏளனமாகவும் காட்டுவதைத் தடை செய்கிறது. அந்தக் கூறில் சாதி என்ற சொல் இல்லை என்பதைச் சட்டம் பயிலும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தப் பின்னணியோடு ‘செம்பி’க்கு வருவோம். சரளா தம் உச்சக்குரலை முற்றிலும் அடக்கிக்கொண்டார். அது உண்மையான சாதனை. எனினும் வீரத்தாயைக் கரைசேர்ப்பது பேருந்தில் வரும் இளைஞரும் சக பயணிகளும் காட்டும் இரக்கம். 2021இன் ‘ஜெய் பீம்’ படத்திலும் இருளர் பெண்ணாக நடித்தவர் அச்சமூகத்தைச் சேராத லிஜோமோள் ஜோஸ். நீதியைக் கொண்டு வருபவர் வெளியிலிருந்து வரும் வழக்கறிஞர். (அவ்வழக்கறிஞர் கே. சந்துரு நிசமான மனிதர் என்பது வேறு.) பழங்குடிப் பெண்ணின் துயரம் திரைக்கு வேண்டும், பழங்குடி நடிகை வேண்டாம்.

சேர்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். அதன் அடிவாரத்தில் 1930களின் நடுவிலிருந்து ஒரு பெரும் படநிறுவனம் இயங்கியது. மேலே வாழவந்தி முதலான ஊர்களில் வாழும் மக்கள் மலையாளிகள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர். தமிழ்ப் படத்திலோ மலையாளி என்றால் கேரளத்துத் தேநீர்க்கடைக்காரர்தான். இப்பழங்குடியின் முகம் திரையில் பதியவில்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டு. ஏற்காடு அவற்றில் ஒன்று.

வாழவந்தியின் ஒரு பாட்டி வீரத்தாயின் நிலைக்குத் தள்ளப்பட்டால் பேருந்துப் பயணிகளின் இரக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, குழந்தையின் வாக்குமூலம் அதன் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பெறப்பட வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி பெற வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் எக்காரணம் கொண்டும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குற்றவாளிகள் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராயின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அதன் 1995ஆம் ஆண்டு விதிகளில் 7ஆம் விதி, புலனாய்வு அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்கிறது. சமரசம் பேசி வழக்கை மூட முனையும் அதிகாரி, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியராயின், தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்ததற்காக 4ஆம் பிரிவின் கீழ்த் தண்டனைக்கு உள்ளாவார்.

களத்தில் தோற்பது பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையில்தான். 3(2)(v) பிரிவு ஆயுள் தண்டனை விதிப்பது, பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய தண்டனைச் சட்டக் குற்றங்களுக்கு. ஆகவே போக்சோ பிரிவை மட்டும் எழுதிவிட்டுத் தண்டனைச் சட்டப் பிரிவை விட்டால், இந்தப் பிரிவும் நழுவிவிடும். பாதிக்கப்பட்டவர் பழங்குடி என்பது குற்றவாளிக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்வியும் எழும். குற்றவாளிக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரியும் என்று நிறுவினால், 8(இ) பிரிவு அந்த அறிவை ஊகித்துக்கொள்கிறது. எனவே ஒரே ஊர், ஒரே எஸ்டேட், ஒரே சந்தை என்ற விவரங்கள் முதல் வாக்குமூலத்திலேயே வர வேண்டும். பிணை மனு வரும்போது பாதிக்கப்பட்ட தரப்புக்கு அறிவிப்பு தருவதும், அவர்கள் சொல்வதைக் கேட்பதும் 15அ பிரிவின்படி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உறுதி செய்தது.

இவை அனைத்துக்கும் முன்னால் நிற்பது ஒரு காகிதம். பட்டியல் சாதியினருக்கான சான்றிதழை வட்டாட்சியர் தருகிறார். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியரிடம் போக வேண்டும், அதாவது இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்கு. இதே மக்கள் ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழ்ந்தும், மாவட்ட வாரியான பட்டியலால் நெடுங்காலம் பழங்குடியாக ஏற்கப்படாமல் இருந்தனர். சேலம் மாவட்ட மலையாளிகள் பட்டியலில் இருக்கிறார்கள். மலையில் வேலை செய்யும் மாணவர் அமைப்புகள் முதலில் செய்ய வேண்டியது, பள்ளிப் பிள்ளைகளிடமும் பெண்களிடமும் இந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து, இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது. வன்கொடுமை நடந்தபின் தொடங்கும் விண்ணப்பம் நீதிமன்றத்தின் வேகத்துக்கு வந்து சேராது. மருத்துவ அறிக்கைக்குப் பின் தரப்பட வேண்டிய முதல் பாதி நிவாரணத் தொகையும் அதுவரை கோப்பிலேயே கிடக்கும்.