ஜப்பானில் படிப்பும் வேலையும்: 28 மணி நேரக் கணக்கு

"மொழி படிக்கலாம், சம்பாதிக்கவும் செய்யலாம்" என்ற விளம்பரத்தை நம்பி ஜப்பானிய மொழிப் பள்ளியில் சேர விரும்பும் இளையர்கள், புறப்படுமுன் ஓர் எண்ணை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது: 28.

மாணவர் விசா மட்டும் இருந்தால் வேலை செய்ய முடியாது. குடிநுழைவுத் துறையின் தனி அனுமதி வேண்டும். அது கிடைத்தால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதி நேர வேலை பார்க்கலாம். பள்ளியின் நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம் வரை அனுமதி உண்டு.

பலர் தவறுவது இங்கேதான். இரண்டு கடைகளில் வேலை செய்தாலும் மொத்தம் 28 மணி நேரம்தான். வரம்பை மீறினால் விசா புதுப்பிக்கப்படாமல் போகலாம். இரவுக் கேளிக்கை விடுதிகளிலும் பச்சிங்கோ சூதாட்டக் கூடங்களிலும் பாத்திரம் கழுவும் வேலைக்குக்கூட அனுமதி இல்லை.

எந்த வேலை கிடைக்கும் என்பது மொழித் திறனைப் பொறுத்தது. வாடிக்கையாளரிடம் பேச முடிந்தால் கடை முகப்பில் நிற்கலாம். பேச்சும் அங்கே பழகும். பேச வராதவர்களுக்குப் பெரும்பாலும் கிடங்கு, தொழிற்சாலை வேலைகளே மிஞ்சும். இரவு 10 முதல் காலை 5 மணி வரை குறைந்தது 25 விழுக்காடு கூடுதல் ஊதியம் சட்டப்படி உண்டு. அந்த ஆசையில் காலை வகுப்பைத் தவறவிட்டால், வருகைப் பதிவு குறைந்து அதனாலும் விசாவுக்குச் சிக்கல் வரும்.

பகுதி நேர வருமானம் சாப்பாட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும். அதை நம்பிப் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டாம்.