பெண்ணையாற்றங்கரை: அன்றும் இன்றும்

ஓசூர் தொழில் நகரம் ஆவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கோயில் ஊர். மலைமேல் சந்திரசூடேஸ்வரரும் மரகதாம்பாளும், அடிவாரத்தில் தேர்ப்பேட்டையும் பச்சைக்குளமும், பங்குனியில் தேரோட்டம். கல்வெட்டுகளில் இவ்வூருக்குச் செவிடபாடி என்று பெயர். மலையிலிருந்து இறங்கிச் சில கிலோமீட்டர் போனால் தென்பெண்ணை. கோயிலும் ஆறும் இவ்வளவு பக்கத்தில் அமைந்த ஊரில், சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றோரமாகக் காலாற நடந்து வரவேண்டும் என்பது பெரிய ஆசை இல்லை. ஐரோப்பாவின் பழைய பேராலய நகரங்களுக்குப் போய்வருகிறவர்கள் ஆசையோடு சொல்வதும் இதைத்தான்: பேராலயத்தைப் பார்த்தோம், பிறகு ஆற்றங்கரையில் நடந்தோம் என்று. கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே தொடங்கி, நந்திமங்கலம் தரைப்பாலத்தைக் கடந்து, தொரப்பள்ளிப் பக்கம் போகும் கரை நமக்கும் இருக்கிறது. அவசரம் இல்லாதவர்களுக்கு ஒரு காலைப்பொழுதின் நடை.

அந்தக் கரை அன்று எப்படி இருந்தது? பெண்ணை மழையை நம்பிய ஆறு. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஒசகோட்டை வழியாக வந்து, கொடியாளத்துக்கு அருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து, சுமார் 400 கிலோமீட்டர் ஓடிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் வெள்ளம் வரும். தை, மாசிக்குள் இளைத்துவிடும். சித்திரையில் மணல்தான் மிஞ்சும். ஆனால் அந்த மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். குடத்தைச் சாய்த்து, அகப்பையால் மொண்டு, துணியில் வடிகட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதுவே குடிநீர். மாடுகள் குடித்ததும் அதைத்தான். ஆண்டில் பாதி நாள் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத ஆறு அது. ஆனால் தெரிந்த தண்ணீரையும் தெரியாத தண்ணீரையும் யோசிக்காமல் வாயில் வைக்கலாம்.

இன்று நிலைமை நேர் எதிர். சித்திரையிலும் பெண்ணை ஓடுகிறது. கெலவரப்பள்ளி அணைக்குக் கோடையிலும் நீர்வரத்து இருக்கிறது. வற்றாத ஆறாகிவிட்டது. ஆனால் அதில் இறங்கினால் உடம்பு அரிக்கிறது என்று கரையோர விவசாயிகள் சொல்கிறார்கள். மதகு திறக்கும் நாள்களில் வெள்ளை நுரை பொங்கி நந்திமங்கலம் தரைப்பாலத்தை மூடிவிடுகிறது. சில முறை ஆள் உயரத்துக்கும் மேல் எழும்பிப் போக்குவரத்தை நிறுத்தியிருக்கிறது. மழை பெய்தால் வெள்ளம் வரும் என்பது அன்றைய கணக்கு. மழை பெய்தால் நுரை கூடும் என்பது இன்றைய கணக்கு.

ஆறு ஏன் வற்றவில்லை என்பதை விளங்கிக்கொள்ள ஓசூரை விட்டு வடக்கே பார்க்க வேண்டும். பெங்களூரின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளின் வடிகால் பெண்ணைதான். பெல்லந்தூர் ஏரி நிரம்பி வர்த்தூர் ஏரிக்கும், வர்த்தூர் நிரம்பிப் பெண்ணைக்கும் வருகிறது. 1951இல் பெங்களூரின் மக்கள்தொகை சுமார் 8 லட்சம். 2011இல் 84 லட்சம். இந்த ஊருக்கு 1974 முதல் காவிரியிலிருந்து தண்ணீர் வருகிறது. கீழே ஓடும் காவிரியை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் குழாயில் ஏற்றி, மேட்டிலிருக்கும் நகரத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிய பிறகு அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி சாக்கடையில் இறங்குகிறது; அதில் ஒரு பங்கு சரிவைப் பிடித்துக்கொண்டு பெண்ணைக்கு வருகிறது. ஆகவே, கோடையில் கொடியாளத்தைத் தாண்டி நம் எல்லைக்குள் நுழையும் தண்ணீரில் கணிசமான பங்கு, ஒரு மாநகரம் பயன்படுத்திக் கழித்த காவிரி. சுத்திகரித்து அனுப்பியிருந்தால் இது பெண்ணைக்குக் கிடைத்த கொடையாகவே இருந்திருக்கும்.

நுரைக்கும் காரணம் இதுவே. சோப்புத்தூளிலும் திரவ சோப்பிலும் உள்ள நுரைக்கும் பொருள்கள் முறையான சுத்திகரிப்பில் சிதைந்துவிடும். சிதையாமல் வந்தால் தேங்கிய நீரில் படிந்து கிடக்கும். புதுவெள்ளம் வந்து கலக்கி, அணையின் மதகில் உயரத்திலிருந்து விழும்போது காற்றோடு சேர்ந்து நுரையாகிறது. பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018 ஜனவரியிலும் தீப்பற்றி எரிந்ததை நாடே பார்த்தது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதற்காகக் கர்நாடக அரசை 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அந்த ஏரியின் பெயர் செய்திகளில் அடிபட்ட அளவுக்கு, அதன் தண்ணீர் போய்ச் சேரும் தட்டகானப்பள்ளி, நந்திமங்கலம் போன்ற ஊர்களின் பெயர் அடிபடவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்கு முன் ஓசூர் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலம். வேலைக்காகப் பெங்களூருக்கு வண்டி ஏறியவர்கள் பலர். பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் வந்தன. 2001 கணக்கெடுப்பில் 84,394 பேர் இருந்த நகராட்சி, 2011இல் 1,16,821 பேரைக் கொண்டது. 2019இல் மாநகராட்சி ஆனது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலித்த கடைவீதியில் இன்று இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. எத்தனையோ குடும்பங்களில் முதல் தலைமுறை சம்பளக்காரர்களை இந்த ஊர் உருவாக்கியது. அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் படித்தார்கள். இது பெரிய வரவு. ஆற்றுக்காக வருந்துகிற யாரும் இதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் வளர்ந்த ஓசூரின் கழிவுநீரும் ஓடைகள் வழியாக அதே பெண்ணையைத்தான் சேர்கிறது. பெங்களூரை மட்டும் கைகாட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

குடிநீர் நிலவரமும் இதையே காட்டுகிறது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய் மதிப்பில் நிறைவேறிய திட்டம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் பழுதான ஊர்களுக்கு அது விடிவு. ஓசூருக்கும் அந்தத் தண்ணீர் வருகிறது. பக்கத்தில் பெண்ணை ஓட, ஓசூர்க்காரர் குடிப்பதும் காவிரி, பெங்களூர்க்காரர் குடிப்பதும் காவிரி. ஊற்று தோண்டிய கைகளுக்குக் குழாய் வந்தது நல்லதே. ஆனால் குழாய் வந்தபின் ஆற்றைக் கவனிக்க ஊருக்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

தொரப்பள்ளியில் நடை முடியும். 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த ஊர். தந்தை இவ்வூரின் மணியக்காரர். பிறந்த வீடு இப்போது நினைவில்லம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். சுதந்திர இந்தியாவின் இந்தியரான ஒரே கவர்னர் ஜெனரல் பிறந்த வீடு வெள்ளையடித்துக் காக்கப்படுகிறது. அவர் பிள்ளைப் பருவத்தில் பார்த்த ஆற்றைக் காக்க யாரும் இல்லை. ஒரு நினைவுச் சின்னத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் கால் பங்கு கிடைத்திருந்தால் போதும்.

இன்னும் கீழே, 1957இல் காமராஜர் திறந்துவைத்த கிருஷ்ணகிரி அணை. 52 அடி உயரம் நீர் தேக்கி, சுமார் 9,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது. அதற்கும் கீழே காவேரிப்பட்டணம் அருகே பெண்ணேஸ்வரமடம்: சோழர் காலக் கல்வெட்டுகளும் நடுகற்களும் உள்ள ஆற்றங்கரைக் கோயில். ஆடிப் பதினெட்டுக்கு இங்கே குடும்பம் குடும்பமாக வந்து குளிப்பது பழைய வழக்கம். இன்றும் வருகிறார்கள். அன்று அணையில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வந்தார்கள். இன்று அது எந்த நிறத்தில் வருகிறது என்றும் விசாரிக்கிறார்கள்.

அணை திறந்த அதே 1957இல்தான், லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தேம்ஸ் ஆறு உயிரற்றுப் போய்விட்டது என்று அறிவித்தது. சதர்க் பேராலயத்துக்கு அருகே ஓடும் அந்தத் தேம்ஸில் மீன்கள் வாழ முடியவில்லை. பிறகு வந்த இருபது ஆண்டுகளில் நகரத்தின் பெரிய கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்தினார்கள். இன்று அங்கே நூற்றுக்கு மேற்பட்ட மீன் வகைகள் உள்ளன. கடல்நாய்கள் கூட வந்து போகின்றன. பேராலயத்தைப் பார்த்துவிட்டு மக்கள் கரையோரம் நடக்கிறார்கள். நம் பெண்ணை 1957இல் தெளிவாக ஓடியது. அவர்கள் ஏறிவந்த காலத்தில் நாம் இறங்கிப் போனோம்.

பெண்ணை பற்றி இரு மாநிலங்களும் பேசாமல் இல்லை. 1892இல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்த ஒப்பந்தத்தில் பெண்ணையும் உண்டு. தமிழகத்தின் சம்மதம் இன்றி மேலே புது அணை கூடாது என்பது அதன் சாரம். பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் யார்கோல் அணை எழுந்தபோது தமிழகம் உச்ச நீதிமன்றம் போயிற்று; 2019 நவம்பரில் அந்த மனு தள்ளுபடியானது. இந்த வழக்கில் பெரிதும் பேசப்பட்டது எவ்வளவு தண்ணீர் என்பது. எப்படிப்பட்ட தண்ணீர் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. இதற்கிடையே 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். திட்டத்தின் அளவு நாளுக்கு 44 கோடி லிட்டர். வறண்ட கோலாருக்கு அது நல்லது. அங்கே போகும் ஒவ்வொரு லிட்டரும் பெண்ணைக்கு வராத லிட்டர் என்பதையும் நாம் கணக்கில் வைக்க வேண்டும். அளவுக்காக மட்டும் வழக்காடினால், ஒருநாள் ஆறும் வற்றி அசுத்தமும் மிஞ்சும்.

தமிழக அரசு கொடியாளத்தில் வரும் நீரின் தரத்தை அளந்து, அந்த எண்களை ஓசூர் மக்கள் பார்க்கும்படி நாள்தோறும் வெளியிட வேண்டும். தரம் குறைந்தால் அதையே இனித் தொடுக்கும் வழக்கின் முதல் கோரிக்கையாக்க வேண்டும். ஓசூர் மாநகராட்சி தன் கழிவுநீர் ஒரு சொட்டும் சுத்திகரிக்காமல் ஓடையில் இறங்காதபடி பாதாளச் சாக்கடையை முடிக்க வேண்டும். இவ்விரண்டும் நடந்த பிறகு கரையில் நடைபாதை போடட்டும். அதற்கு முன் போடும் நடைபாதையில் நடக்க யாரும் வரமாட்டார்கள்.