முற்றும்மை எச்சமாதலும் எதிர்வுச் சதுரமும்

முற்றும்மை பற்றிய இலக்கண விதியொன்றை அளவையியலின் எதிர்வுச் சதுரத்தில் வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டு விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலிலிருந்து கொள்ளப்படுகிறது. சூளையைத் திறந்தவர், "எல்லா அகல்களும் வேகவில்லை" என்கிறார் எனக் கொள்வோம். ஒன்றுமே வேகவில்லை என்பது பொருளாயின் சூளையின் வெப்பம் ஐயத்துக்குரியது. சில வேகவில்லை என்பது பொருளாயின் அவற்றை அடுக்கிய இடம் ஐயத்துக்குரியது. தொடர் ஒன்றே, அதைக் கேட்டவர் செய்யவேண்டியது வேறு வேறு.

அரிஸ்டாட்டிலின் கருத்துகளை அடியொற்றிப் பின்னையோர் வரைந்த சதுரத்தின் மேல்முனைகளில் 'எல்லாம் வெந்தன', 'ஒன்றும் வேகவில்லை' என்பனவும், கீழ்முனைகளில் 'சில வெந்தன', 'சில வேகவில்லை' என்பனவும் நிற்கும். மேல்முனைகள் இரண்டும் ஒருங்கே மெய்யாகா. ஆனால் ஒருங்கே பொய்யாகலாம். மூலைவிட்டத்தின் இருமுனைகளுக்கு அவ்வாய்ப்பும் இல்லை. ஒன்று மெய்யெனின் மற்றது பொய். ஒன்று பொய்யெனின் மற்றது மெய். ஆகவே 'எல்லாம் வெந்தன' என்பதன் நேர்முரண் 'சில வேகவில்லை' என்பதே. 'ஒன்றும் வேகவில்லை' என்பதன்று.

தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறுகிறார். முற்றும்மை எச்சப்பொருள் தருதலும் உண்டென்பதற்கு வேறொரு நூற்பா வைக்கிறார். நன்னூலாரும் இதனை உடன்படுகிறார். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் எதிர்மறை வினை கொண்டவை: பத்தையும் கொடாதே என்னும் ஏவல், சிலவற்றைக் கொடு என்னும் பொருளும் தரும். விதி இசைவு தருவதேயன்றிக் கட்டாயப்படுத்துவதன்று. முழுமறுப்புப் பொருளும் உடன் நிற்கிறது.

இவ்வெச்சத்தைச் சதுரத்தின் 'சில வேகவில்லை' என்னும் முனையோடு இணைத்துவிடத் தோன்றும். அது முற்றிலும் பொருந்தாது என்பதே என் கருத்து. அளவையியலில் 'சில' என்பதற்கு 'ஒன்றேனும்' என்பதே பொருள். எனவே ஓர் அகலும் வேகாதபோதும் 'சில வேகவில்லை' மெய்யே. எச்சமோ எஞ்சியவை உண்டென்கிறது: சில வெந்தன, சில வேகவில்லை. கீழ்முனைகள் இரண்டும் இணைந்த இப்பொருளுக்குச் சதுரத்தில் தனிமுனை இல்லை. 20ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலார் இராபர்ட் பிளான்சே சதுரத்தை அறுகோணமாக விரித்தபோது அதற்கென ஒரு முனை அமைத்தார். உரையாசிரியர்கள் சுட்டும் பொருள் அம்முனைக்குரியது.

'சில வெந்தன' என்பது இங்கே வெளிப்படைப் பொருளா, குறிப்பா என்னும் வினா எழலாம். "ஏன், ஒன்றுகூட வேகவில்லை" என்று தொடர்ந்து சொல்லிப் பார்த்தால் முரண் தோன்றவில்லை. ஆதலின் குறிப்பு என்பர். தமிழில் இச்சோதனை முடிவு தராது. முதல் தொடருக்கே முழுமறுப்புப் பொருளும் இருத்தலின், பேசியவர் குறிப்பை நீக்கினாரா, முதலில் கருதியதையே வலியுறுத்தினாரா எனப் பிரித்தறிய இயலாது.

'எவையும் வேகவில்லை' என்பதிலும் உம்மை உண்டு. ஆயினும் அங்கு எச்சத்துக்கு இடமில்லை. ஆதலின் எச்சப்பொருளை உம்மை மட்டும் தருவதாகக் கொள்ளலாகாது. உம்மை சேரும் சொல், 'எல்லாம்', 'அனைத்து', 'பத்து' போல ஒரு தொகையைச் சுட்டுவதாக இருத்தல் வேண்டும். தொல்காப்பியரின் விதி தொகைச்சொல்லைப் பெயர்சுட்டி வரையறுத்தது இதனாலாகலாம்.