சவுக்கு போட்டால் கையில் என்ன நிற்கும்?

கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு வெட்டியவரிடம் கேட்டால் மொத்தமாக ஒரு தொகை சொல்வார். கேட்கப் பெரிதாக இருக்கும். அதை மட்டும் நம்பி நிலத்தில் இறங்காதீர்கள்.

எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? பாசனம் இருந்தால் மூன்று, நான்கு ஆண்டு. மானாவாரி என்றால் இன்னும் கூடும்.

கையில் என்ன நிற்கும்? ஒரு மாதிரிக் கணக்கு. விலைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 40 டன், காகித ஆலை வாசலில் டன் 6,000 ரூபாய் என்றால் 2,40,000. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகைக்கு டன்னுக்கு 2,000 போனால் மிச்சம் 1,60,000. கன்று, உழவு, தண்ணீருக்கு 50,000 கழியுங்கள். நான்கு ஆண்டுக்கு 1,10,000, ஆண்டுக்கு 27,500. அந்த நிலத்துக்குக் குத்தகை எவ்வளவு வரும்? அதோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் இவ்வளவு தின்பதால், வியாபாரி விலை சொன்னதும், “வயலிலா, ஆலை வாசலிலா?” என்று கேளுங்கள். பட்டை உரிக்கும் கூலி யாருடையது என்பதையும் பேசிவிடுங்கள். வெட்டிய மரம் வெயிலில் கிடந்தால் காய்ந்து எடை குறையும். லாரி வராமல் வெட்ட விடாதீர்கள்.

தேக்கு போட்டால் அதிகம் கிடைக்காதா? கிடைக்கலாம், ஆனால் இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். 7% வட்டிக் கணக்கில், நான்கு ஆண்டு கழித்து வரும் ஒரு லட்சம் இன்றைய 76,000 ரூபாய்க்குச் சமம். இருபது ஆண்டு கழித்து வருவது 26,000க்குத்தான். இதை நிகழ்கால மதிப்பு (பிறகு வரும் பணம் இன்று எவ்வளவு பெறும் என்பது) என்பார்கள். தேக்கு விளம்பரங்களில் இந்த வரி இருக்காது!

சவுக்கு வெட்டும்வரை வீட்டுச் செலவு? முதல் ஆண்டு ஊடுபயிராக (வரிசைகளுக்கு நடுவே) நிலக்கடலையோ உளுந்தோ போடலாம். பிறகு நிழல் விடாது. இரண்டு ஏக்கர்தான் இருக்கிறது என்றால் முழுவதும் மரம் வேண்டாம்; அரை ஏக்கர், இல்லாவிட்டால் வரப்பு ஓரம் போதும்.

வாங்க ஆள் இருக்குமா? கரூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை இருக்கிறது. விவசாயிகளிடம் ஒப்பந்தம் போட்டும் மரம் வாங்குகிறது. தூரம் கூடினால் லாரி வாடகை விலையைத் தின்றுவிடும்.

புயல்? 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரில் தோப்புகளைச் சாய்த்தது. கடலோரத்தில் மரம் வெட்டுக்கு வந்துவிட்டால், இன்னும் கொஞ்சம் பருக்கட்டும் என்று ஐப்பசி, கார்த்திகைப் புயல் காலம்வரை நிறுத்தி வைக்காதீர்கள்.